எதிரி வாசித்த வசனங்கள்

என் அழுமூஞ்சி மகளுக்கு,

கண் டாக்டர் சொன்னதைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். திரைப்பட விழாவை விட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லி போனில் அழுதாய். வர மாட்டேன்.

நேற்று ஒரு பேய்ப் படம் பார்த்தேன். ஒரு நர்ஸ், லீவு நாட்களில் தோழிகளை நடிக்கவைத்து எடுத்தது. கடைசிவரை பேய் வரவே இல்லை. காலிக் கட்டிலின் விரிப்பை ஒருத்தி நீவிவிடுகிறாள், அவ்வளவுதான். எனக்கு முதுகு சில்லிட்டது.

திரைக்கு அடியில் ஓடிய மொழிபெயர்ப்பு மட்டும் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. பக்கத்தில் யார் தெரியுமா? என் விமர்சனங்களைப் பல வருஷமாகப் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிடும் அந்த மீசைக்காரர். நான் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்து, கேட்காமலே என் காதில் வாசிக்க ஆரம்பித்தார்.

"அழாதேங்கறா."

"அவ்வளவு நேரம் பேசினாளே, ஒரே வார்த்தையா?"

"மீதியெல்லாம் வளவளப்பு."

"அதை நான் முடிவு பண்றேன். முழுசா வாசிங்க!"

முன்வரிசை திரும்பி முறைத்தது. அவர் முனகிக்கொண்டே வாசித்தார்: "கட்டில் காலின்னு சொல்லாதே, விரிப்பு இன்னும் சூடா இருக்கு." படத்தின் உயிரே அந்த வரிதான், அதைப்போய் விழுங்கப் பார்த்தார்!

வெளியே வந்ததும் படம் அறுவை என்றார். விழாவிலேயே சிறந்த படம் இதுதான் என்று இன்று காலை நான் போனில் சொல்லச் சொல்ல, என் பத்திரிகை அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

மதியம் ஒரு நகைச்சுவைப் படம். மீசைக்காரர் இப்போதே எனக்கு இடம் பிடித்துவிட்டார். வசனம் வாசிக்கவும் சண்டை போடவும் ஒரே ஆள் கிடைத்திருக்கும்போது, வீட்டுக்கு வந்து நான் என்ன செய்ய?

உன் அம்மா