நீ எழுத மறுத்த கடிதம்

பலெர்மோ,
04.03.2024

அன்பின் மலருக்கு,

நல்ல சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான சிஞோராவைப் பராமரிக்கிறேன். பெர்மெசோவை, அதுதான் இங்கே தங்குகிற அனுமதியை, மறுத்துவிட்டார்கள். இந்த மேன்முறையீடுதான் கடைசி.

“உண்மையான காரணத்தைச் சொல்லு” என்கிறா வழக்கறிஞர் கிளறா. முதல் விசாரணையில் சொல்லவில்லை. மொழிபெயர்க்க வந்த டெனிஸ்டன் அண்ணை இங்கே சீசாப் பகுதியில் எங்கள் தெருக்காரர். அவருக்கு முன்னால் நீயும் நானும் காதலித்தோம் என்று எப்படி வாய் திறப்பது? உன்னைச் சிநேகிதி என்று சொல்லிவிட்டேன்.

இயக்கத்தில் எங்களை ஏன் பிரித்தார்கள் என்று உன் கையால் எழுதித் தா. ஏப்ரல் இருபத்தாறு விசாரணை.

உன்,
கிருசாந்தினி


தருமபுரம்,
22.03.2024

கிருசா,

முன்பள்ளி விலாசத்துக்கு அனுப்பியது நல்லது. பிள்ளைகள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். போன் இலக்கம் கேட்காதே, அதை இவரும் எடுப்பார்.

நீ கேட்டதை எழுதமாட்டேன். “இயக்கத்திலை இருந்த பெட்டையோ” என்று மூன்று இடத்தில் என்னை வேண்டாம் என்றார்கள். பிறகுதான் இவர் வந்தார். நல்ல மனிதர். மகள் இருக்கிறாள். நினைவுநாளில் என்னைத்தான் விளக்கேற்றக் கூப்பிடுகிறார்கள். இது தெரிந்தால் என் நிழலையும் மிதிக்கமாட்டார்கள்.

இயக்க முகாமில் இரண்டு வருடம் உன்னோடு வாழ்ந்ததையும், பொறுப்பாளர் எங்களை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி ஏசிப் பிரித்ததையும் நான் மறக்கவில்லை. உன்னைப் போல வேறு ஒருவரையும் விரும்பவுமில்லை. ஆனால் அதை எழுதித் தரச் சொல்லாதே. இதைக் கிழித்துவிடு.

மலர்


பலெர்மோ,
28.04.2024

என் மலருக்கு,

நான் கிழிக்கவில்லை.

நீ மறுத்துவிட்டாய் என்று கிளறாவிடம் அழுதுகொண்டு சொன்னேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டா. சொன்னேன். “இந்தக் கடிதமே போதும்” என்றா. மூன்று நாள் கொடுக்காமல் வைத்திருந்தேன். திருப்பி அனுப்பினால் எனக்கு அங்கே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். உன் பெயரைக் கறுப்பு மையால் அழித்துவிட்டுக் கொடுத்தேன்.

விசாரணையில் டெனிஸ்டன் அண்ணை முழுவதையும் குரல் மாறாமல் மொழிபெயர்த்தார். வழக்கு வெல்லும் என்கிறா கிளறா.

வெளியே படியில் அண்ணை என் பக்கத்தில் வந்தார்.

“தருமபுரம் முன்பள்ளி எண்டால் மலர் ரீச்சர்தானே? என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை அங்கைதான் படிக்குது.”

ஊரையும் பள்ளியையும் அழிக்க எனக்குத் தோன்றவேயில்லை.

“ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றார். சொல்லாமலும் விடலாம். ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கச்சியோடு போனில் கதைக்கிறவர். இன்று ஞாயிறு.

அவர் சொல்வதற்கு முன் உன் வீட்டுக்காரரிடம் நீயே சொல்லிவிடு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இது உன் கைக்கு வர இரண்டு கிழமையாகும்.

கிருசாந்தினி