பேத்திக்கு ராயப்பன்

ஜூன் 8, ஞாயிறு இரவு

நான் வாய் தவறிச் சொல்லவில்லை. இன்று பேத்தியின் ஞானஸ்நானத்தில் சாமியார் பெயர் கேட்டபோது, ஞானத்தாயாக நின்ற நான் "ராயப்பன்" என்றேன். கோயிலே சிரித்தது. "வயசாச்சுல்ல, புருசன் பேரச் சொல்லிட்டாக," என்றாள் பக்கத்து வீட்டுச் செசிலி. கோயில் பதிவேடு எழுதும் உபதேசியாரும் அதை நம்பி, பெண் பிள்ளைக்கு வழக்கமான பெயரென்று தாமாகவே மேரி என்று எழுதிவிட்டார்.

பெயரைத் தேர்ந்தவள் மருமகள். "அத்தே, மாமா பேரையே வைப்போம். பொம்பளப் பிள்ளைன்னா என்ன? ஆனா நீங்கதான் சொல்லணும், எனக்கு வாய் வராது," என்றாள்.

எனக்கு மட்டும் பழக்கமா? அவர் இருந்தவரை ஒருமுறைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. இன்று நாக்குக் கூசியது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

நாளை சாமியாருக்கு எழுதப்போவது இவ்வளவுதான்: பதிவேட்டில் ராயப்பன் என்று திருத்துங்கள். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.