பக்கத்து வகுப்பில் எழும் கைதட்டலை நிறுத்தக் கோருதல்

அனுப்புநர்:
கணக்குப்பதிவியல் விரிவுரையாளர்,
முதல் மாடி, மூலை வகுப்பறை.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: தொழில்முனைவோர் பாட வகுப்பில் நடைபெறும் கைதட்டல் – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வகுப்புக்கும் தொழில்முனைவோர் பயிற்சியாளரின் வகுப்புக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே. நான் தேய்மானக் கணக்கு நடத்தும்போதெல்லாம் அந்தப் பக்கம் கைதட்டல். மாணவர்கள் வெளியே போய் ஏதாவது விற்க வேண்டுமாம். 'வேண்டாம்' என்ற பதிலோடு திரும்புகிறவருக்குத்தான் கைதட்டலாம். விற்று வருகிறவருக்குக் கிடையாதாம். கேட்டால், மறுப்பு வாங்கி வாங்கித்தான் பயம் தெளியும் என்கிறார் அந்தப் பயிற்சியாளர். இது என்ன கூத்து ஐயா?

2. வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு என் மேசையைச் சுற்றி நின்றவர்கள் இப்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "வேலைக்கு என்ன சார் அவசரம், முதல்ல ஒரு கடை போட்டுப் பார்க்கிறோம்" என்கிறார்கள். நேற்று வந்த அந்த மனிதரைக் கண்டால் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. மறைப்பானேன்?

3. என் மகளும் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். வங்கித் தேர்வுக்கு நான் வாங்கிக் கொடுத்த புத்தகங்களை அவள் பிரிக்கவே இல்லை. சென்ற வாரம் ஆசிரியர் அறைக்கு வந்து, எல்லார் முன்னிலையிலும், தானே செய்த சோப்பை என்னிடம் நீட்டினாள். "இதெல்லாம் வேண்டாம், போம்மா" என்றேன். "வேண்டாம்னு சொல்லிட்டீங்கல்ல? ரொம்ப தேங்க்ஸ்ப்பா!" என்று துள்ளிக்கொண்டு ஓடினாள். நான் வகுப்புக்குத் திரும்பிய சற்று நேரத்தில் தடுப்புக்கு அப்பால் கைதட்டல் கேட்டது. பெற்ற தகப்பனே மறுத்ததால் வழக்கத்தைவிடப் பலமாகத் தட்டினார்கள். பயிற்சியாளர் "சபாஷ்மா" என்றதும் காதில் விழுந்தது. அந்தச் சொல்லை அவளிடம் நான் எப்போதாவது சொன்னேனா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

4. அவள் வயதில் எனக்கும் ஓர் அச்சகம் தொடங்க ஆசை இருந்தது. "உனக்கெல்லாம் எதுக்குடா இது?" என்றார் என் அப்பா. அன்று எனக்கு யாரும் கைதட்டவில்லை. நானும் வேறு யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

ஆகவே, மேற்படி கைதட்டலை உடனே நிறுத்த ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், அந்த நேரத்தில் எனக்கு வகுப்பு போடாமல், அங்கே கடைசி வரிசையில் நானும் உட்கார அனுமதிக்க வேண்டுகிறேன். இரண்டுமே முடியாது என்றால், 'முடியாது' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தரவும். அதை எடுத்துக்கொண்டு நான் பக்கத்து வகுப்புக்குப் போவேன். என் மகளும் அங்கே இருப்பாள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
கணக்குப்பதிவியல் விரிவுரையாளர்

இடம்: ஆசிரியர் அறை
நாள்: புதன்கிழமை