இன்னும் ஒரு வருஷம் ஓடும்

இன்று காலை உன் காரின் கதவைத் திறந்தேன். ஏழு மாதமாக அடைபட்டுக் கிடந்த சூடு முகத்தில் அடித்தது. அதோடு தைலத்தின் வாசனையும் வந்தது. சீட்டில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, மூலையில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. தைலம் மட்டும், நீ இப்போதுதான் மூடியைத் திருகி வைத்துவிட்டு இறங்கிப் போனாய் என்பதுபோல மணத்தது. எனக்கு ஏறி உட்கார மனம் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

முன் கண்ணாடியின் இடது மூலையில் ஒட்டியிருக்கும் வருஷ வரி லைசன் முந்தாநாளோடு முடிந்துவிட்டது. பெரஹெரா ஊர்வலம் முடிந்து, யானைகள் எல்லாம் ஊர் திரும்பி, தெருவைக் கூட்டிப் பெருக்குகிற இந்த வாரத்தில்தான் வருஷா வருஷம் அது முடியும். உனக்குத் தெரியாததா? புதுப்பித்தால் கார் இன்னும் ஒரு வருஷம் நம் முற்றத்தில் நிற்கும். இல்லையென்றால் கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் நானா சாயந்திரம் வந்து கொண்டுபோய்விடுவார். வாங்குவதற்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறாராம். இரண்டில் ஒன்றை நான் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருஷமாக நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு. இந்த வருஷம் நான் மட்டும்.

இந்தக் கார் என்றைக்கும் உன்னுடையதுதான். வத்தேகமைப் பள்ளிக்கூடத்துக்கு உனக்கு மாற்றம் வந்தபோது, பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய்வர என்னால் ஆகாது என்று பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தாய். முப்பத்தெட்டு வயதில் ஓட்டப் பழகினாய். பழக்கியவரும் நானாதான். முதல் நாளே கராஜ் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சருக்குப் பயமே இல்ல சேர். அதுதான் எனக்குப் பயமா ஈக்கி" என்றார்.

எனக்கு ஓட்டும் யோகம் இல்லை. சின்ன வயதில் கிட்டிப்புள் தெறித்து வலது கண் போனவன் நான். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லார் முன்னாலும் அதைச் சொன்னேன். உன் மாமா தொண்டையைச் செருமினார். நீ உள்ளே இருந்துகொண்டே, "மத்தக் கண்ணு தெரியுதில்ல?" என்று கேட்டாயே, அந்தக் குரலுக்குத்தான் நான் தாலி கட்டினேன்.

ஆகவே இடப்பக்கச் சீட்டு எனக்கு. தெரிகிற கண்ணும் இடப்பக்கம். சந்திகளில் நீ நிறுத்துவாய், நான் எட்டிப் பார்த்து, "இடப்பக்கம் சரி" என்பேன். நீ திருப்புவாய். "கடவுள் பார்த்துத்தான் உங்க ஒத்தக் கண்ணை அந்தப் பக்கம் வச்சிருக்காரு" என்று சிரிப்பாய். எப்போதாவது நான் கழுத்தை முழுக்க வளைத்து உன்னைப் பார்த்தால் அதட்டல்தான் விழும். "என் மூஞ்சில என்னா இருக்கு? ரோட்டைப் பாருங்க."

லைசன் முடிகிற வாரத்தில் நம் வழக்கு நடக்கும். வீட்டுக்குள் பேசினால் மகள் நடுவில் புகுந்து கெடுத்துவிடுவாள் என்று, நிறுத்திய காருக்குள்ளேயே கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து பேசுவோம். அக்கம்பக்கத்தார் நாம் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டார்கள். விற்க வேண்டும் என்பது என் கட்சி, வைத்திருக்க வேண்டும் என்பது உன் கட்சி. நான் வேலை பார்க்கும் கந்தோரில் எல்லாரும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி மாற்றுகிறார்கள், பழசாகப் பழசாகப் பாகங்கள் கிடைக்காது, ஒரு நாள் உன்னை நடுக்காட்டில் நிறுத்திவிடும், அன்றைக்குத்தான் என் பேச்சு உனக்கு விளங்கும் என்று நான் அடுக்குவேன். நீ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாய்.

"கடுகண்ணாவை ஏத்தத்தை நிக்காம ஏறுதா? ஏறுது. அப்ப இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

அது உன் சட்டம். கொழும்பிலிருந்து திரும்பும்போதெல்லாம் மாவனல்லை தாண்டியதும் நீ பேச்சை நிறுத்திவிடுவாய். இரண்டாவது கியர், முன்னால் லொறி, பின்னால் பஸ்ஸின் ஹோர்ன். ரேடியேட்டர் கொதித்துவிடுமா என்று நான் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொதிக்க வேண்டும் என்று ஒரு தடவை உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்டு, இப்போது சொல்லிவிடுகிறேன். மேலே ஏறி முடித்ததும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "பார்த்தீங்களா ஐயா?" என்பாய். காருக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு குத்து. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வழக்கில்கூட நான் ஜெயிக்கவில்லை.

போன வருஷம் வரைக்கும்.

அன்றைக்கும் இதே முற்றம்தான். நான் என் கட்சியை எடுத்துப் பேச வாய் திறப்பதற்குள், ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்.

"என்னங்க, இந்தத் தடவை வித்துடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நிமிஷமே ஒரு குஷி வந்துவிட்டது. பத்தொன்பது வருஷத் தோல்விக்கு ஒரே நாளில் பழி வாங்கலாமே!

"பேசுறது யாரு? என் பொண்டாட்டிதானா?" என்றேன். "போன மாசம்தான் கடுகண்ணாவை ஏத்தத்தை ஒரே மூச்சில ஏறிச்சு. சட்டம் போட்டவளே சட்டத்தை மீறலாமா?"

"இல்லங்க. போதும்னு தோணுது."

"உனக்குத் தோணினாப் போதுமா? வண்டிக்கு என்னா குறை? எஞ்சின் சத்தத்தைக் கேளு. நானா கையால அடிச்ச பெயின்ட் இன்னும் மினுங்குது. இந்தக் காலத்துல வர்ற வண்டியெல்லாம் தகரம். இது மாதிரி நல்ல வண்டி எங்க கிடைக்கும்?"

உன் வாதங்கள் எல்லாவற்றையும் உன் குரலிலேயே உனக்குத் திருப்பிச் சொன்னேன். உன்னைப்போலவே டேஷ்போட்டைத் தட்டிக்கொடுத்தேன். "இன்னும் ஒரு வருஷம் ஓடும்!" என்று தீர்ப்பும் சொன்னேன். நீ ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். பிறகு, "சரி, ஓட்டுறேன்" என்றாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன், வெட்கமே இல்லாமல்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த ஏழு மாதத்தில் வேறு எதையும் நான் இவ்வளவு தடவை நினைத்ததில்லை. பத்தொன்பது வருஷம் ஒரே கட்சியில் நின்றவள் ஒரு காலை வேளையில் மாறிப் பேசுகிறாள் என்றால், யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். கந்தோரில் ஒரு விண்ணப்பத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தால் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்கிறவன் நான்.

அதன் பிறகு நீ ஓட்டிய மாதங்களை இப்போது ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் பார்க்கிறேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெருக்கி நிற்கும்போதெல்லாம் நியூட்ரலில் போட்டுவிட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிடுவாய். "இப்படி மாத்தி மாத்திப் போட்டா கியர்பெட்டி என்னாத்துக்கு ஆகும்?" என்று நான் நொட்டை சொன்னேன். என்னைக் கந்தோர் வாசலில் இறக்கிவிட்டு உடனே கிளம்பாமல் அங்கேயே கொஞ்சம் நின்றாய். எதையோ தேடுகிறாய் என்று நினைத்தேன். காருக்குள் தைல வாசனை வர ஆரம்பித்தது. "தலைவலியா?" என்று ஒரு நாள் கேட்டேன். "ம்" என்றாய். சந்தி வந்துவிட்டது. நான் இடப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேடும் பள்ளமுமான இந்த ஊரில் வத்தேகமைக்குப் போய்வர ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளச் மிதிக்க வேண்டும்! ஒவ்வொரு மிதிக்கும் உன் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த முகம் எனக்கு வலப்பக்கத்தில் இருந்தது. என் குருட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நீ அந்த மாதங்கள் முழுக்க வலியைக் கடித்துக்கொண்டு என்னை ஏற்றிக்கொண்டு போனாய்.

பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் உன்னிடம், "இடுப்பில் இந்த வலி எவ்வளவு நாளாக?" என்று கேட்டார். "அஞ்சாறு மாசம் இருக்கும்" என்றாய். அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத் தலையைத் தூக்கி, கொஞ்சம் முன்னமே வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அந்த முற்றமும் மூடிய கார்க் கண்ணாடியும் கண்ணுக்குள் வந்து நின்றன. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், நோயாளி நான்தான் என்பதுபோல.

வார்டில் உன் கட்டிலுக்கு இடப்பக்கத்தில் சுவரோரமாக எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் இரண்டு நாள் அதிலேயே, நீ பார்த்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே பொறுக்காமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்ப் போட்டேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"இப்பதான் பக்கம் மாறி உக்காரத் தோணிச்சா?" என்றாய்.

விளையாட்டாகத்தான் கேட்டாய். நான் அழுதுவிட்டேன். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று உன்னையே குற்றவாளி ஆக்கிக் கேட்டேன்.

"சொன்னேனே" என்றாய். "வித்துடுவோம்னு சொன்னேன்."

நீயே தொடர்ந்தாய்.

"டொக்டர்கிட்டப் போகப் பயமா இருந்துச்சுங்க. நீங்க ஏன்னு கேட்டா அப்படியே சொல்லிடலாம்னுதான் அதை மொதல்ல எடுத்தேன். நீங்க என்னாடான்னா, என் வண்டிய நல்ல வண்டின்னு சொல்லிட்டீங்க. இத்தன வருஷத்துல மொத தடவை. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதுக்கு மேல எங்க சொல்றது?"

இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை என் நல்ல கண்ணால் பார்த்தேன். பதினேழு நாள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன். போதவில்லை. உன் வலது கன்னத்தில் ஒரு சின்ன மச்சம் இருப்பதும், தூக்கத்தில் புருவம் சுருங்குவதும் அப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தன. எத்தனையோ வருஷம் கூட வாழ்ந்த மனுசன் சொல்லக்கூடிய பேச்சா இது?

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். மகள் கொழும்பிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். "அம்மாவோட காரை விக்காதீங்கப்பா. சும்மா நிக்கட்டும், பார்த்துக்கிட்டாவது இருக்கலாம்" என்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. லைசன் எடுக்க வேண்டிய கடதாசிகளைக்கூட ஒரு உறையில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு நானா வந்தார். பானட்டைத் திறந்து, பெட்டரியை மாற்றி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது உன் கார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எஞ்சின் கல்லு மாதிரி ஈக்கி சேர். நீங்க சொன்னா விக்க வாணாம். இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முடிவு வந்துவிட்டது.

"இல்ல நானா, கொண்டுபோங்க. டீச்சர் வித்துடச் சொல்லிட்டாங்க."

"எப்ப சேர்?"

"போன வருஷம்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மகள்தான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பிளேடை எடுத்து வந்து லைசனைக் கண்ணாடியிலிருந்து மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. டேஷ்போட் பெட்டிக்குள் மூன்று தைலப் போத்தல்கள் இருந்தன. இரண்டு காலி, ஒன்றில் பாதி. அவற்றையும் எடுத்துக்கொண்டேன். நம் குறுகிய ஒழுங்கையில் காரைப் பின்னுக்கு எடுப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும். நானா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நான் போய் மதில் ஓரமாக நின்று, "இடப்பக்கம் சரி" என்றேன். கார் இறக்கத்தில் இறங்கி வளைவில் மறையும்வரை நின்றேன். நீ சொன்னதைச் செய்துவிட்டேன். ஒரு வருஷம் பிந்திச் செய்தேன். மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உள்ளே வந்தபோது மகள் குசினிப் பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல அவளுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து என் கோப்பையை எடுத்தேன். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, அவள் குடிக்கிற சத்தம் வரவில்லை.

"என்னாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. களைப்பு."

முன்பு என்றால் சரி என்று விட்டிருப்பேன். கோப்பையைக் கீழே வைத்தேன். கதிரையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், அவளுடைய வலப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவள் முகம் முழுதாகத் தெரிந்தது.

"ஏன்?" என்று கேட்டேன்.