போடாத சிலுவை

தவக்காலம், மூன்றாம் வெள்ளி

கொழும்பில் வேலை கிடைத்துவிட்டதாம். நாளை விடிய பஸ் ஏறப்போவதாக மகள் டிலானி இன்றைக்குத்தான் சொல்கிறாள். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. செபமாலை முடிந்ததும் வழக்கம்போல என் முன்னால் முழந்தாளிட்டு, "தோத்திரம், அம்மா" என்றாள். பெருவிரலால் அவள் நெற்றியில் ஆசீர்வாதச் சிலுவை போடாமல் மெழுகுதிரியை ஊதி அணைத்தேன். "கோவமெண்டாலும் போட்டுவிடுங்கோ அம்மா" என்றாள். கேளாததுபோல் குசினிக்குள் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

நான் விரும்பியவரைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது அப்பா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வோர் இரவும், பள்ளிமுனைக் கரையில் வலை இழுத்து வெடித்த அவருடைய பெருவிரல் என் நெற்றிக்கு வந்தது. முகத்தைப் பார்க்கமாட்டார். சிலுவையை மட்டும் ஆறுதலாகப் போடுவார்.

அறைக்குள் டிலானி புரண்டு படுப்பது கேட்கிறது. என் பெருவிரலில் பேனை மை. கழுவிவிட்டு அவளிடம் போகிறேன்.