சலவைக்கூடம் விற்பதாக இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சலவைக்கூடமும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ கிராஃப் அனுப்பி விளக்குவாய், நான் ‘ம்’ கொட்டுவேன், அப்பா சம்மதித்துவிட்டார் என்று நீ முடிவு கட்டிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா? அதனால்தான்.

முதலில் என் மானம் போன கதை. செவ்வாய்க்கிழமை கடல் தாண்டி உன் முதலீட்டு ஆபீசுக்குப் போன் செய்தேன். புது உலர்த்தும் மெஷினுக்கு முன்பணத்தை டாலரில் கேட்கிறார்கள், டாலரோ தினம் ஒரு விலை சொல்கிறது, இன்றைக்குக் கட்டுவதா நாளைக்கா என்று உன்னைக் கேட்க நினைத்தேன். உன் கைபேசி அணைந்திருந்தது. நீ வேலையில் சேர்ந்தபோது கொடுத்த கார்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறதே, அந்த நம்பரைப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். எந்த மொழி வேண்டும் என்றாள். தமிழ் என்றேன். உடனே தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்! நம்ம ஆள் ஒருத்தி அங்கே இருக்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட்டாயா அம்மா என்றேன். கேட்டதற்கு நன்றி என்றாள். சொந்த ஊர் எது என்றேன். அதில் உதவ இயலவில்லை என்றாள். பாவம், பக்கத்தில் மேலதிகாரி நிற்கிறார் போல என்று நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தேன். கடைசியில், என் சேவை எப்படி இருந்தது, ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண்ணை அழுத்துங்கள் என்றாள். அது மனுஷி இல்லை, மெஷின் குரல் என்று அப்போதுதான் உறைத்தது. ஐந்தைத்தான் அழுத்தினேன். அவ்வளவு மரியாதையாகப் பேசியதைக் குறைத்துப் போட மனசு வரவில்லை.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். “நமக்குத்தான் பையனே இல்லையே, யாருக்குப் பொண்ணு பாத்தீங்க?” என்று கேட்டாள். அதோடு விட்டாளா? துணி கொடுக்க வருகிற ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

இப்போது விஷயம். சலவைக்கூடத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தை உலகம் முழுக்க உள்ள கம்பெனிகளில் பிரித்துப் போடுங்கள் என்று மூன்று முறை எழுதிவிட்டாய். உன் காரணங்களை நான் தட்டிக்கழிக்கவில்லை. எங்கேயோ சண்டை வந்தால் இங்கே எரிவாயு விலை ஏறுகிறது, நம் பாய்லர் அதைக் குடித்துத் தீர்க்கிறது. ஆஸ்பத்திரிகள் ஒரு தடவை விரித்துத் தூக்கியெறிகிற படுக்கை விரிப்புக்கு மாறிவிட்டன. போன வருஷம் நம் வேலையில் பாதி போயிற்று. எல்லாம் உண்மை.

ஆனால் இதையும் கேள். கப்பல்கள் சுற்றுவழியில் வருவதால் அந்தத் தூக்கியெறிகிற விரிப்பின் விலை எகிறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சாமான் வாங்குகிற அம்மாள் போன மாதம் தானே நம் வாசலுக்கு வந்து, “பழையபடி துவைச்சுத் தருவீங்களா அண்ணா?” என்று கேட்டார். இது தற்காலிகம் என்பாய். இருக்கட்டும். எரிவாயு விலையும் அப்படித்தானே?

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து டேப்லெட்டும் கையுமாக ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. சலவைத் தொழில் எப்படிச் சரிகிறது என்று ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டினார். “சரியிற தொழில ஏன் தம்பி காசு குடுத்து வாங்குறீங்க?” என்று அம்மா கேட்டாள். அவர் மறைக்கவில்லை. மெஷின் வேண்டாமாம், ஆட்களும் வேண்டாமாம். ஆஸ்பத்திரி ஒப்பந்தம் மட்டும் போதுமாம், துணியைத் தங்கள் பெரிய கூடத்துக்குக் கொண்டு போய்விடுவார்களாம். அங்கேயே நின்று போர்வை மடித்துக்கொண்டிருந்த பாய்லர்காரர், “அப்ப நான்?” என்றார். அந்தத் தம்பி டேப்லெட்டில் அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

உலர்த்தும் மெஷின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று உரக்க, “விக்கிறதா இல்ல!” என்றேன். அந்த நேரம் பார்த்து மெஷின் நின்று தொலைத்தது. தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. இனி நினைத்தாலும் பின்வாங்க முடியாது.

உலகக் கம்பெனிகளின் பட்டியல் அனுப்பினாயே, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நம்மை வாங்க வந்த கம்பெனியும் அதில் இருக்கிறது! அவனிடம் விற்று, அந்தக் காசை அவன் பெட்டியிலேயே போட்டு, என் தொழிலின் லாபத்தில் அவன் எனக்குப் பங்கு தருவதற்காக நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? பத்தாவது தாண்டாத மூளைக்கு இது எட்டவில்லை அம்மா.

அதனால் வெப்பத்தை வெளியே விடாமல் சுற்றிச் சுற்றி உபயோகிக்கிற அந்தப் புது உலர்த்தும் மெஷினை வாங்குகிறேன். பாய்லரே வேண்டாம், சாதாரண மின்சார மெஷினைவிட மின்சாரமும் பாதிதான். ஐந்து வருஷம் முன்பு அதன் விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இப்போது ஏகப்பட்ட தொழிற்சாலைகள் செய்வதால் நம் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் இன்னும் குறையும் என்கிறாய். குறையும்தான். அதுவரை விரிப்புகள் அழுக்காகாமல் காத்திருக்குமா?

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தாயிற்று. கோபப்படாதே. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன், அம்மா பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். “இந்த வீட்டக் கட்டினதே அழுக்குத் துணிதான். அதுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கு” என்றாள். முழுகினால் முழுகுவோம். உட்கார்ந்த இடத்தில் ஒருவன் சிவப்புக் கோடு போட்டான் என்பதற்காக முழுக மாட்டேன்.

நம் பாய்லருக்கு அம்மா மாமியார் என்று பெயர் வைத்தது நினைவிருக்கிறதா? காலையில் எழுந்ததும் சீறும், எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்னும். அடுத்த மாதம் மாமியார் கிளம்புகிறார். புது மெஷின்தான் மருமகள்; சத்தமே போட மாட்டாளாம், அவளைப் பார்த்துக்கொள்ளப் போவதும் நம் பாய்லர்காரர்தான். பார்ப்போம்.

இனி உன் விஷயம். முன்பெல்லாம் ரயிலுக்கு ஓடிக்கொண்டே பேசுவாய், பாதி வார்த்தை காற்றில் போகும். இப்போது உங்கள் ஊர் நடுப்பகலில் கூப்பிடுகிறாய், பின்னால் ஜன்னல் திரை மூடியிருக்கிறது. மெஷின் வந்தால் மனுஷனுக்கு மதிப்பில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ அப்படி எழுதுகிறவள் இல்லையே.

அந்தப் போன் பெண்ணிடம் உன் பெயரைச் சொல்லி உன்னிடம் இணைக்கச் சொன்னேன். அந்தப் பெயரில் இப்போது இங்கே யாரும் பணியில் இல்லை என்றாள், சாப்பாடு விசாரித்ததற்கு நன்றி சொன்ன அதே குரலில். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், அவளிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை என்றாய். சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டேன்.

எந்தக் கோடு ஏறினாலும் இறங்கினாலும் நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசீர்வாதம். நாங்கள் இங்கே தோற்கவில்லை, நீயும் அங்கே தோற்கவில்லை. மெஷினை நிறுவி ஓட்ட ஆறு பேர் இருக்கிறோம். அடுத்து எங்கே பணம் போடலாம், எங்கே கூடாது என்று என்னோடு சண்டை போடத்தான் ஆள் இல்லை.

அன்று போனில் சொல்ல வாய்வரை வந்தது இதுதான்: மாமியார் போய்விட்டால், கூடத்தை ஒட்டிய உன் அறைச் சுவரில் ஓடுகிற நீராவிக் குழாயையும் எடுத்துவிடுவார்கள். சுடுகிறது, தூங்க முடியவில்லை என்பாயே, அந்தச் சுவர் இனி சுடாது. கிளம்பி வாம்மா.

உன் அப்பா