மூன்றரை மணிக் கதவு

ஏப். 7, செவ்வாய்

காலையிலேயே அனல். கன்னிவாடிப் பால் தாமதம். வாங்க: குளிர் அறைக் கதவுக்கு ரப்பர், அத்தைக்கு முட்டி தைலம். மாமாவுக்கு நேற்றிலிருந்து நெய், வெண்ணெய் கிடையாது. நெஞ்சு டாக்டரின் உத்தரவு, அத்தையின் காவல்.

எங்கள் பால் பண்ணைக்கு மாமா ஆசையாக வாங்கிப் போட்ட கருவி ஒரு மாதமாகச் சும்மா இருந்தது. கதவு திறப்பது, மூடுவது, குளிர் எவ்வளவு, எல்லாம் இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது எங்கள் வழக்கத்தைப் படித்துக்கொண்டு, மாறாக ஏதாவது நடந்தால் என் போனிலும் மாமா போனிலும் கூவுமாம்.

இன்று முதல் கூவல். "மதியம் 3.30. குளிர் அறை திறந்தது. வழக்கமில்லை."

ஊரே உண்டு படுத்திருக்கும் நேரம். யார்?

ஏப். 10, வெள்ளி

தினமும் அதே நேரம், அதே கூவல். வெண்ணெய்த் தொட்டியில் விரலால் தோண்டிய பள்ளம். சீ.

சாவி இரண்டு. ஒன்று குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம் அண்ணனிடம். மற்றது எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில். வேறு யாராக இருக்க முடியும்? கேட்டேவிட்டேன்.

"நாந் தொடலம்மா. மத்தியானம் மோட்டாருக்குப் பின்னாடி செத்த நேரம் படுப்பேன், அம்புட்டுத்தான்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அல்லது நான்தான் பார்க்கவில்லையா? வண்டி டிரைவர் மீதும் ஒரு கண் வைக்க வேண்டும்.

மாமா: "எதுக்கு வம்பு? அவனை நம்ம நத்தம் கிளைக்கு மாத்திரும்மா."

ஏப். 21, செவ்வாய்

நேற்று அனுப்பியாயிற்று. சாவியை மேசையில் வைத்தார். "உங்க கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இது எங்கிட்டதாம்மா இருக்கு. இப்ப மாதா கோயில்ல கூட ஆளுக மொகத்தத் திருப்பிக்கிறாக." எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாளாகப் போன் வாய் திறக்கவில்லை. அப்போ அவர்தான்.

மாமா: "பாத்தியா, நின்னு போச்சுல்ல?" மாமாவுக்கு ஏன் இத்தனை சந்தோஷம்?

ஏப். 24, வெள்ளி

மோர் புளித்துவிட்டது. தண்ணீர் லாரி வரவில்லை.

வெண்ணெயில் மறுபடியும் பள்ளம். புதிது. போனோ கம்மென்று இருக்கிறது. கருவி விற்ற கோயம்புத்தூர்க்காரரைக் கூப்பிட்டேன்.

"தினமும் அதே நேரத்துல நடந்தா, செரி, இதுதான் இவங்க வழக்கம்னு எடுத்துக்குமுங்க மேடம். அப்புறம் கூவாதுங்க."

"களவாணி தினம் வந்தா அவனும் வீட்டு ஆளா?"

"அது நேரத்தத்தானுங்க பாக்கும். ஆளப் பாக்காதுங்க."

நல்ல காவல். கதவு திறந்த விவரம் முழுதும் அனுப்பச் சொன்னேன். ஆரோக்கியம் அண்ணன் போன பிறகும் தினமும் மூன்றரைக்குத் திறந்திருக்கிறது. அவர் சாவி என் கைப்பையில். மிச்சம் சாமி அலமாரிச் சாவி.

நாளை மூன்றரைக்கு நானே போய் நிற்கப் போகிறேன்.

ஏப். 25, சனி

மூன்றரைக்குக் குளிர் அறையில், கேன் அடுக்குக்குப் பின்னால் நின்றேன். பல் கிட்டித்துப் போனது.

மாமா! செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். நேரே வெண்ணெய்த் தொட்டிக்கு. என்னைப் பார்த்தபோது மீசையெல்லாம் வெண்ணெய்.

"அத்தைகிட்டச் சொல்லிறாதம்மா."

"ஆரோக்கியண்ணனுக்கு என்ன சொல்ல மாமா?"

விரலை வேட்டியில் துடைத்தார். டாக்டரிடமும் அத்தையிடமும் தப்பிக்க ஒரு மனிதனைக் களவாணி ஆக்கிவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டேன். அவர் மேல் ஆத்திரம். என் மேல் அதைவிட.

ஏப். 26, ஞாயிறு

பூசை முடிந்து ஆரோக்கியம் அண்ணன் தன் வீட்டுக்குத் திரும்பியதும் அங்கே போனேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"நாளைக்கு வாரேம்மா. ஆனா சாவி எனக்கு வேணாம்."

ஏப். 27, திங்கள்

மேகம் கூடிக் கலைந்தது. ஆரோக்கியம் அண்ணன் வந்துவிட்டார். எல்லோரிடமும் நானே சொன்னேன், அவர் எடுக்கவில்லை என்று. மாமா வீட்டை விட்டு வரவில்லை. சாவி இரண்டும் என் இடுப்பில்.

நேற்று ஒரு நாள் பொறுத்துப் பார்த்த போன் இன்று மூன்றரைக்குக் கூவியது. "குளிர் அறை திறக்கவில்லை. வழக்கமில்லை."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. நிமிர்ந்தால், கேன் கழுவிக்கொண்டிருந்த ஆரோக்கியம் அண்ணன் கூவலைக் கேட்டு ஈரக் கையோடு எதிரில் நிற்கிறார்.

"நான் இங்கனயேதான் இருந்தேம்மா."